நுனி பிளந்த பிறகு

பன்றியின் முதுகெலும்பை ஒட்டி வளரும் மயிர் அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருக்கும். தண்ணீரில் ஊறி, சோப்பில் புரண்டு, கன்னத்தில் உரசி, திரும்பக் காய்ந்து, நாள்பட நாள்பட அந்த நுனி இரண்டாகவும் மூன்றாகவும் பிளக்கும். தலைமுடி நுனி பிளந்தால் எண்ணெய் காணாது என்று வீட்டில் குறைபட்டுக்கொள்வார்கள். ஷேவிங் பிரஷ்ஷில் நியாயம் வேறு. நுனி பிளக்காத பிரஷ் முகத்தைக் குத்தும். நுரையைத் தானே குடித்துக்கொண்டு முகத்துக்கு வெறும் சோப்புத் தண்ணீரைத் தரும். பிளந்த பிறகுதான் அதற்கு இழைவு வரும், நுரை நுனிக்கு ஏறும். ஆகவே கடையிலிருந்து வாங்கி வருவது பாதிப் பொருள். மீதிப் பாதியை யாராவது ஒருவருடைய முகம் செய்து முடிக்க வேண்டும்.

அது யாருடைய முகம் என்பது நாஞ்சில் நாட்டில் லேசான கேள்வி இல்லை.

*

குளிர்நாட்டுப் பன்றிக்கு மயிர் நீளம். வெயிலில் அலையும் பன்றிக்குக் குட்டை. அதனால் சீனமும் சைபீரியாவும் இந்த வியாபாரத்தில் வெகுகாலம் முன்னால் நின்றன. எடுத்த மயிரை வேகவைத்துக் கழுவி, நீளவாரியாகப் பிரித்து, அடியெல்லாம் ஒரு பக்கமும் நுனியெல்லாம் மறுபக்கமுமாக அடுக்கிக் கட்டுவார்கள். நல்ல பிரஷ்ஷில் நுனியைக் கத்தரிப்பதில்லை, பிளக்க வேண்டிய இடமே அதுதான் என்பதால். மேல்பக்கம் உருண்டு வரவேண்டுமானால் கொத்தைக் கட்டும்போதே நுனிகளை அச்சில் இட்டு அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

பேட்ஜர் என்ற விலங்கின் மயிரிலும் பிரஷ் செய்வார்கள். விலை கூடுதல்; முதல் நாளே மெத்தென்றிருக்கும்; தண்ணீரை மயிர்களுக்கு இடையில் பிடித்துவைக்கும். பன்றி மயிர் தண்ணீரைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்வது. ஆகையால் சவரத்துக்குச் சில நிமிடம் முன்பே அதைத் தண்ணீரில் நிறுத்திவைக்க வேண்டும். ஊறினால் இளகும், காய்ந்தால் விறைக்கும். இந்த இளகலும் விறைப்பும் மாறி மாறி நடப்பதில்தான் நுனி பிளக்கிறது. இத்தாலியில் நாவிதர் கடைகள் இன்றும் பன்றி மயிரைக் கைவிடவில்லை. 1931-ல் தொடங்கிய ஒமேகா என்ற கம்பெனி அங்கே அதற்குப் பேர் போனது.

பிளந்தால்தான் தூரிகை என்பது எங்கள் மாவட்டத்துக்குப் புதிய பாடமும் அல்ல. தாழை வேரை ஒரு சாண் நறுக்கி, முனையைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டி நாரைப் பிரித்தால் சுண்ணாம்பு அடிக்கும் பிரஷ் கிடைத்துவிடும். பனைமட்டையின் அடிப்பாகத்தைத் தட்டி எடுக்கிற தும்பு ஒரு காலத்தில் தூத்துக்குடியில் கப்பலேறி ஐரோப்பியத் தூரிகை ஆலைகளுக்குப் போனது. வேரானாலும் மட்டையானாலும் முனை கெட்டியாக இருக்கும்வரை அது குச்சிதான். தாழையையும் பனையையும் கல்லால் தட்டலாம். பன்றி மயிரைத் தட்டிப் பிளக்க முடியாது. அதற்குக் கன்னம் வேண்டும், காலம் வேண்டும்.

*

எங்கள் வீட்டு மச்சில் கிடந்த மரப்பெட்டியில் பாட்டாவின் சவரச் சாமான்கள் இருந்தன. பித்தளைக் கிண்ணம், ரசம் போன கைக்கண்ணாடி, துருவேறிய மடக்குக் கத்தி, கருப்பு மரப்பிடி போட்ட ஒரு பிரஷ். மயிர் மஞ்சளித்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடியில் சோப்புப் பொருக்கு கல்லாக இறுகியிருந்தது. குப்பைக்குத்தான் போயிருக்கும், நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் மனம் வரவில்லை. மயிருக்கு மயிர் நேர்த்தியாகப் பிளந்திருந்தது.

பழைய பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது பூச்சி. நம் நகமும் ஆட்டுக் கம்பளியும் பன்றி மயிரும் கெரட்டின் என்ற ஒரே புரதத்தால் ஆனவை. கம்பளியை அரிக்கும் வண்டின் புழு இதையும் அரிக்கும். அடிமயிர் அரித்துப்போயிருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை, கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துவிடும். ஒன்றிரண்டு உதிர்ந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்தது கட்டு. மயிர்க்கொத்து பிடியின் குழிக்குள் ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் கொத்தை மெல்ல வெளியே எடுத்து, குழியைச் சுரண்டித் துடைத்து, அரால்டைட் இட்டு, ஒரு நாள் அசைக்காமல் வைத்தால் போதும். பழைய பிரஷ்கள் பலவற்றில் இந்தக் கட்டை ரப்பரில் போட்டார்கள். மயிரின் அடியை ரப்பருக்குள் வைத்துக் கந்தகத்தோடு சூடேற்றி இறுக்குவது. அமெரிக்காவில் ரப்பர்செட் என்று இதையே பெயராக வைத்துக்கொண்ட கம்பெனி ஒன்று இருந்தது. தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி எங்கள் மலையடிவாரத்திலிருந்து வருவது. குலசேகரத்திலும் கீரிப்பாறையிலும் இருட்டோடு எழுந்து பால்வெட்டப் போகிறவர்களில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகளும் உண்டு. அரசு ரப்பர் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை கொடுத்துக் குடியமர்த்தினார்கள். ஒரு பிரஷ்ஷின் அடிக்குழியைச் சுரண்டினாலும் யாரோ எங்கோ வேர்பிடுங்கி நடப்பட்ட கதைக்குள் கை போய்விடுகிறது.

மூன்றாவது அந்தப் பொருக்கு. சோப்பிலுள்ள கொழுப்பு அமிலம் உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்தால் கரையாத படிவாகிவிடும். நாகர்கோவிலுக்கு முக்கடல் அணையிலிருந்து வரும் மலைத் தண்ணீரில் சோப்பு சட்டென்று நுரைக்கும். மணக்குடிப் பக்கத்துக் கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு குழைத்தாலும் திரிந்த பால்போலத் திப்பி திப்பியாக நிற்கும். இந்தத் திப்பிதான் வருஷக் கணக்கில் மயிரின் அடியில் படிந்து கல்லாவது. இதற்கு மருந்து வினாகிரி. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு, மயிரை மட்டும் சில நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் படிவு இளகிவரும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு விட்டுக் கழுவி, பேன் சீப்பால் நுனியிலிருந்து அடியை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுக்க வேண்டும். கொதிநீர் கூடாது, மயிரும் கெடும் பசையும் விடும். மரப்பிடி தண்ணீரில் முங்கக் கூடாது, ஊதி வெடிக்கும். உதறி, நிழலில் காற்றோட்டமாகக் காயவைக்க வேண்டும்.

காய்ந்த பிரஷ் இன்னும் பிரஷ் ஆகிவிடவில்லை. வெகுநாள் வறண்டு கிடந்த மயிர் தன் பழக்கத்தை மறந்திருக்கும். ஊறவைத்து, உள்ளங்கையில் சோப்புக் குழைத்து, நுரையோடு ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் அலசிக் காயவைத்து, சாயங்காலம் மறுபடியும் அதையே செய்ய வேண்டும். புது பிரஷ்ஷைப் பழக்கும் முறையும் இதுவேதான். ஒரே வித்தியாசம், புதியதில் ஒரு வாடை உண்டு. முதல் தடவை வெந்நீர் பட்டதும் தொழுவத்தின் மணம் எழும்பும். அந்த மணத்துக்கு மட்டும் மறைக்கத் தெரியாது, இது எந்த மிருகத்தின் மயிர் என்று.

*

பாட்டாவின் வீட்டில் மீன்கூட ஏறியதில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளி, பிரதோஷத்துக்குச் சுசீந்திரம், ஏகாதசிக்குப் பட்டினி. தெருவில் பன்றி போனால் நடையைச் சாத்தச் சொல்வார். அப்படிப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் பன்றி மயிரைக் கன்னத்தில் போட்டுக் குழைத்திருக்கிறார். அவருக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியாமல் இருக்க வழியில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவசியம் வரவில்லை என்பதே சரியான விடையாக இருக்கும்.

இதில் அவரை மட்டும் கேலி செய்து பயனில்லை. நம் சுத்தங்கள் பலவும் இப்படிக் கேட்காமல் விட்ட கேள்விகளின் மேல் நிற்பவை. பட்டு மடி. கூட்டுக்குள் புழுவோடு வேகவைத்து எடுக்கும் நூல் அது என்பது பூஜை அறைக்குள் வருவதில்லை. புனுகுப் பூனையின் வால் அடியில் ஊறும் கசிவைச் சாமி திருமேனிக்குச் சாத்துகிறோம். கவரியின் வால்மயிர் வெண்சாமரமாகி மூலவருக்கு முன்னால் வீசுகிறது. வள்ளுவர் அந்த விலங்கை மானத்துக்கு அடையாளமாக ஆக்கியும் வைத்தார். பன்றிக்கு அப்படி யாரும் பரிந்து பேசியதில்லை. இத்தனைக்கும் அது புராணத்தில் சாதாரணப்பட்ட விலங்கும் அல்ல. பூமியைக் கொம்பில் ஏந்தியது வராகம். மதுரையின் திருவிளையாடல்களில் ஒன்று, தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவனே தாய்ப்பன்றியாகி முலை கொடுத்தது. எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் கொடைகளில் பன்றி பலி உண்டு. ஊருக்கு உள்ளே புராணத்திலும், ஊருக்கு வெளியே படையலிலும் பன்றி இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில், நடுவீட்டுக் கண்ணாடி முன்னால், பெயர் சொல்லாமல் இருந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டவர்கள் இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள். அந்தக் காலத்தில் தோல் தைப்பவர்கள் ஊசிக்குப் பதில் பன்றி மயிரைப் பயன்படுத்தினார்கள். மயிரின் நுனியைப் பிளந்து நூலை அதற்குள் முறுக்கிச் சேர்த்தால் எந்தத் துளையிலும் நுழையும். பன்றி விலக்கப்பட்டது, ஆனால் செருப்பு தைக்க வேறு வழியில்லை. என்ன செய்வது? ஹனஃபி மரபினர் தேவை கருதித் தையலுக்கு மட்டும் அதை அனுமதித்தார்கள். ஷாஃபி மரபு பன்றி விஷயத்தில் இன்னும் கண்டிப்பானது. முடிவு எதுவானாலும், இது என்ன மயிர், யார் கையில், எதற்காக என்று பொருளை மேஜைமேல் வைத்துப் பேசினார்கள். விலக்கு என்றால் விலக்கு, சலுகை என்றால் சலுகை. நம் வழக்கத்தில் விலக்கும் இருந்தது, பொருளும் இருந்தது, பேச்சு மட்டும் இல்லை.

பேசாமல் விட்ட பொருளைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். புறவாசலில் தொழுவத்தை ஒட்டி ஒரு கல் கிடக்கும். குடிமகன் என்று அழைக்கப்பட்ட நாவிதர், சவரச் சாமான் வைக்கும் அடைப்பத்தோடு வந்து அங்கேதான் உட்கார வேண்டும், நடைவழியாக வரக் கூடாது. கூலி என்று ரொக்கம் கிடையாது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகத்திலும் அறுப்புக் களத்தில் நெல். அவர் வீட்டுப் பெண்தான் மருத்துவச்சி, பிள்ளையைப் பூமிக்கு வாங்கிப் போடுகிறவள். கல்யாண மாப்பிள்ளைக்கு முகம் மழிப்பது அவர், சாவு வீட்டில் சடங்குக்கு முன்னால் நிற்பதும் அவர். பிறப்பிலிருந்து இறப்புவரை ஒரு வெள்ளாளன் உடம்பை அவர்கள் குடும்பத்தைவிட அதிகம் தொட்டவர்கள் கிடையாது. ஆனால் சவரம் முடிந்ததும் குளிக்காமல் வீட்டுக்குள் ஏறக் கூடாது. அந்தக் குளி பன்றி மயிர் பட்டதற்காக இல்லை. கை பட்டதற்காக.

தீட்டு பொருளில் குடியிருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது பிரஷ். அது சோப்புக் கிண்ணத்தோடு வீட்டு மாடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆள் மட்டும் புறவாசலோடு நின்றார்.

*

கேட்காமல் விடுவதற்கு உலகம் வேறு இடத்தில் வேறு விலை கொடுத்திருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஷேவிங் பிரஷ்ஷால் ஆந்த்ராக்ஸ் பரவியது. விஷவாயுவுக்கு எதிரான முகமூடி முகத்தில் படிந்து நிற்க வேண்டுமானால் தாடி இருக்கக் கூடாது. சிப்பாய்களுக்குச் சவரம் கட்டாயமானது. லட்சக்கணக்கில் பிரஷ் தேவைப்பட்டது. பேட்ஜர் மயிர் வந்துகொண்டிருந்த வழிகள் போரில் அடைபட்டன. ஆசியாவிலிருந்து வந்த குதிரை மயிரைச் சரியாகச் சுத்திகரிக்காமல், பேட்ஜர் மாதிரி சாயம் காட்டி, பிரஷ் ஆக்கினார்கள். கத்திக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போனது. செத்தவர்களும் உண்டு. 1920-ல் பிரிட்டன் ஜப்பானிய ஷேவிங் பிரஷ்களின் இறக்குமதியையே தடைசெய்தது. குதிரையோ பன்றியோ, மயிரை முறையாகச் சுத்திகரித்தால் ஆபத்தில்லை. இது இன்ன மயிர், இன்ன ஊரிலிருந்து வந்தது என்று சொல்லாமல் மறைத்ததில்தான் ஆபத்து இருந்தது.

அடுத்த போரில் பன்றி மயிரே யுத்தப் பொருளானது. கப்பலுக்கும் விமானத்துக்கும் வர்ணம் அடிக்கத் தூரிகை வேண்டும், நல்ல தூரிகைக்குச் சீனத்து மயிர் வேண்டும், சீனத்தின் துறைமுகங்களோ ஜப்பான் பிடியில். அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டி ராணுவச் சரக்கோடு சீனத்துக்குப் பறந்த அமெரிக்க விமானங்கள் திரும்பி வரும்போது டங்ஸ்டனோடும் தேயிலையோடும் பன்றி மயிரையும் ஏற்றிக்கொண்டு வந்தன. சோங்சிங் நகரத்து வணிகர் கூ கெங்யூவைப் பன்றிமயிர் அரசர் என்றே அழைத்தார்கள். போருக்குச் சற்று முன்னால், 1938-ல், டூபாண்ட் கம்பெனியின் நைலான் பல்துலக்கும் பிரஷ்ஷில் புகுந்துவிட்டது. அதுவரை மேல்நாட்டார் பல் துலக்கியதும் பெரும்பாலும் பன்றி மயிரால்தான். போரின் தட்டுப்பாடு நைலானுக்குக் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டது.

நம் நாட்டில் இந்த மயிரின் தலைநகர் கான்பூர். பன்றி வளர்ப்பும் மயிர் வியாபாரமும் அங்கே கட்டீக் சமூகத்தார் கையில் இருந்தன. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள்; மற்றவர்கள் கைவைக்க அருவருத்த சரக்கு என்பதால் போட்டி குறைவு; அவர்களில் சிலர் இந்த வியாபாரத்தில் பணக்காரர்களானார்கள். அதே உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர் மாவட்டத்து ஷேர்கோட் இன்றும் தூரிகைக்குப் பேர் போன ஊர். அருவருப்பு ஒரு சமூகத்தை ஊருக்கு வெளியே நிறுத்தியது. அதே அருவருப்பு ஒரு சந்தையை அவர்களுக்கே விட்டுக்கொடுத்தது. தொடாதே என்று சொன்னவர்கள் முகத்துக்கெல்லாம் அந்தச் சரக்குப் போய்ச் சேர்ந்ததை வரலாற்றின் நகைச்சுவை என்று மட்டும் சொல்லி நகர முடியவில்லை.

*

பாட்டாவின் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கோட்டாறு பக்கம் ஒரு சலூனுக்குப் போனேன். கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பாதான் எங்கள் வீட்டுப் புறவாசலுக்கு வந்துகொண்டிருந்தவர். அவர் என் பாட்டாவை அழைத்த விதம் வேறு, குனிந்த குனிவும் வேறு. இவர் என்னை அண்ணாச்சி என்கிறார், நான் அவரை அண்ணாச்சி என்கிறேன். பிரஷ்ஷை வாங்கி உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கட்டைவிரலால் நுனியை விரித்துப் பார்த்தார்.

“இது எங்க கையில பழகுனதுல்லா” என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல பிளந்திருக்கு பாருங்க. ஒரே மூஞ்சில பழகுனா ஒரு சாய்வு விழும். இது பல மூஞ்சி கண்டது. புதுசுக்குக் கோவம் ஜாஸ்தி அண்ணாச்சி. மொதல்ல நம்ம மூஞ்சில போட்டு அடக்கணும். பொறவு மவன் மூஞ்சில. குத்தல் அடங்குன பொறவுதான் வீட்டுக்காரங்களுக்கு.”

“இது என்ன முடின்னு ஆராவது கேட்டிருக்காளா அண்ணாச்சி?”

“கத்தி தீட்டினியான்னு கேப்பாவ. பிளேடு மாத்தினியான்னு கேப்பாவ. பிரஷ்ஷு என்ன முடின்னு ஒருத்தரும் கேட்டதில்ல. கேட்டா சொல்லிருப்போம்லா.”

மச்சில் அந்த நுனிகளை வெளிச்சத்தில் பிடித்தபோது நான் பாட்டாவின் முகத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய கன்னமும் தாடையும் வருஷக் கணக்கில் செய்த வேலை இது என்று. அந்த வேலையின் கடினமான பாதி வேறு கன்னங்களில் நடந்து முடிந்திருக்கிறது. பாட்டாவுக்கு வந்து சேர்ந்தது மென்மை மட்டும். குத்தல் அடைப்பத்துக்காரர் வீட்டில் தங்கிவிட்டது. ஒரே பிரஷ் இரண்டு வீட்டு முகங்களிலும் புரண்டிருக்கிறது; சம்பந்தியும் ஏற்காத, சாஸ்திரமும் ஏற்காத ஒரு கலப்பு அன்றாடம் நுரைக்குள் நடந்திருக்கிறது. தெரிந்திருந்தால் பாட்டா அந்தப் பிரஷ்ஷைத் தூர எறிந்திருப்பார். பன்றிக்காக எறியாதவர், அந்த முகங்களுக்காக எறிந்திருப்பார்.

*

தொடுவதும் தொடாததும் இந்த மண்ணில் சில்லறை விஷயமாக இருந்ததில்லை. எந்தச் சாதி எந்தச் சாதியிலிருந்து எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தது திருவிதாங்கூர். தலைக்கு வரி கட்டியவர்கள் மீசைக்கும் வரி கட்டிய கதை இங்கே இன்னும் பேசப்படுகிறது. அந்தக் காலத்தில்தான் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) எழுந்தார். தலைப்பாகை கட்டி வரச் சொன்னார், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கச் சொன்னார், பள்ளியறையில் கண்ணாடியை வைத்தார். அவருடைய வழியில் தொட்டு நாமம் சாத்துவது ஒரு சடங்கு. பணிவிடை செய்பவர் வருகிறவர் நெற்றியைத் தன் விரலால் தொட்டுத் திருநாமம் இடுவார். கண்ணாடியும் நெற்றியில் விரலும் நாவிதர் கடையில் அன்றாடம் உள்ளவை. அவற்றை வழிபாட்டுக்குள் கொண்டுபோய் வைக்க ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதிலிருந்தே வெளியில் தொடுதல் என்னவாக இருந்தது என்று விளங்கும்.

சுசீந்திரம் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக டாக்டர் எம்பெருமாள் நாயுடு முன்னின்ற சத்தியாக்கிரகம் 1926-ல். கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12-ல். எல்லாருக்கும் கடைகளும் சேவைகளும் திறந்திருக்க வேண்டும் என்று தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் சொன்னது 1955-ல். சலூன் நாற்காலியும் அதில் அடக்கம். புறவாசல் கல்லிலிருந்து சலூன் நாற்காலிக்கு வந்த தூரம்தான் எங்கள் ஊர் நடந்த நிஜமான தூரம். நாற்காலியில் உட்கார்பவர் கண்ணாடியைப் பார்க்கிறார். கத்தி பிடிப்பவர் நின்றுகொண்டு, கடைக்கு முதலாளியாக, செவ்வாய்க்கிழமை லீவு விட்டுக்கொண்டு, தன் கட்டணத்தைச் சுவரில் எழுதிப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார். கழுத்தைக் கொடுப்பவர் அவரை நம்பித்தான் ஆக வேண்டும். நாற்காலியும் கண்ணாடியும் விலைப்பட்டியலும் சேர்ந்து சாதித்ததைப் பல மேடைகள் சாதிக்கவில்லை.

இப்போது அந்தக் கடையிலும் பிரஷ் இல்லை. 1990-களில் எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வு வந்தபோது தீட்டிய கத்தி போய், ஆளுக்குப் பாதி பிளேடு வந்தது. பின்னாலேயே அமுக்கினால் வரும் நுரை வந்தது, காகிதத் துண்டு வந்தது. இதற்கு நான் வருத்தப்படவில்லை. பல முகம் கண்ட ஈரப் பிரஷ்ஷைக் கிருமி நீக்காமல் அடுத்த முகத்தில் வைப்பது கூடாதுதான். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் பிரஷ்ஷுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருளில் குத்தலை யாரும் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்வதும் சரியில்லை. குத்தல் இப்போது முகத்திலிருந்து நகர்ந்துவிட்டது. நுரைக் குப்பி நிரப்பும் ஆலைக்கும், அது காலியானபின் போய்ச் சேரும் குப்பை மேட்டுக்கும், அங்கே அதைப் பொறுக்குகிறவர் விரலுக்கும் போய்விட்டது. கேட்காமல் இருப்பது நமக்கு முன்னைவிடச் சுலபமாகியிருக்கிறது.

பன்றி மயிர் பிரஷ் என்றென்றைக்கும் உழைக்கும் பொருளும் அல்ல. எந்தப் பிளவு அதை மென்மையாக்குகிறதோ அதே பிளவுதான் மேலும் மேலும் கீழிறங்கி, மயிரைப் பாதியில் முறித்து, கொத்தை மொட்டையாக்கும். பழகுவதும் தேய்வதும் அதற்கு ஒரே வேலை. பாட்டாவின் பிரஷ்ஷில் இன்னும் சில வருஷ உயிர் இருக்கிறது. அதை ஊறவைத்து, குழைத்து, அலசிக் காயவைத்து வருகிறேன். கூடவே புதிதாக ஒன்றும் வாங்கியிருக்கிறேன். அதன் குத்தலை என் கன்னமே வாங்கிக்கொள்கிறது. காலையில் கொஞ்சம் எரியும், வாடையும் இன்னும் முழுதாகப் போகவில்லை. எனக்கென்று பழகும் பொருளின் முரட்டுப் பருவத்தை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது பெரிய தர்மம் ஒன்றும் இல்லை; கணக்கு நேராவதற்கு அது குறைந்தபட்சம்.

பழைய பொருளைச் செப்பனிடுகிறவர்களுக்கு ஒரு ஆசை வரும், அது இருந்த காலத்தையே மொத்தமாக மீட்டுவிடலாம் என்று. பித்தளைக் கிண்ணத்துக்கு ஈயம் பூசலாம், கண்ணாடிக்கு ரசம் ஏற்றலாம், பிரஷ்ஷின் கட்டை இறுக்கலாம். வேண்டும்தான். ஆனால் செப்பனிடும் கை ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, எதைத் திரும்பக் கொண்டுவருவது, எதை விட்டுவிடுவது என்று முடிவுசெய்தாக வேண்டும். பிரஷ் வரட்டும், வினாகிரியும் பொறுமையும் அதற்குப் போதும். புறவாசல் கல்லும் அதன்மேல் விழுந்த குளியும் அந்தப் பெட்டியிலேயே சேர்ந்துதான் இருந்தன. அவற்றை நான் செப்பனிடுவதாக இல்லை.